பின்வாசலில் தேநீரும் பன்னும்

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு காலணித் தொழிற்சாலையில் அபாய சைரன் ஒலித்தது. ஏறக்குறைய முந்நூறு பேர் தையல் இயந்திரங்களிலிருந்து தலையை நிமிர்த்தி, என்ன ஏது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஏழு பேர் மட்டும் உடனே எழுந்தார்கள். இயந்திரத்தை அணைத்தார்கள். சிறிதும் தயங்காமல், ஒருவர்பின் ஒருவராக, தீப்பிடித்த அறை இருந்த பக்கம் நடந்தார்கள். சைரன் ஒலித்தால் அப்படித்தான் செய்யவேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கியிருந்தது நிறுவனம்.

தொழிலாளர் நலப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். இந்த மாதக் கடைசியோடு நான் விலகிக்கொள்கிறேன். ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கப் போகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கு ஆகிவிடவில்லை என்றாலும், இந்த வேலையைப் பொறுத்தவரை இது ஓய்வுதான். தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, வெளியேறும் வழியின் படத்தை எங்கே மாட்டுவது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். அதில் நான் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. ஆபத்து வந்தால் ஒரு கட்டடத்திலிருந்து எல்லாரையும் வெளியேற்றத் திட்டம் போடுகிறோமே, அந்த ‘எல்லாரும்’ யார் என்று நினைத்துக்கொண்டு போடுகிறோம்? இந்தக் கேள்வியைப் பயிற்சியில் கேட்கமாட்டார்கள். எனக்கு அது அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

அப்போது நான் அந்தத் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. அஞ்சல் வழியில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். வேலூரிலிருந்து ஆம்பூர் வரும் பேருந்துதான் என் வகுப்பறை. அதிகம் பேசமாட்டேன், பேசினாலும் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நடுவில் நின்றுவிடுவேன். தொழிலாளர்கள் என்னைத் ‘தமிழ் மேடம்’ என்று அழைத்தார்கள். அது பாராட்டா கேலியா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கட்டடத்தின் அமைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீளமான ஒரே கூடம். அதில் பதினோரு வரிசைத் தையல் இயந்திரங்கள். ஒவ்வொரு வரிசையையும் ‘லைன்’ என்பார்கள். முன்கதவைத் திறந்தால் மைதானம், அதற்கு அப்பால் நெடுஞ்சாலை. பின்கதவைத் திறந்தால் கூரை போட்ட ஒரு நடைவழி. அது சாப்பாட்டுக் கூடத்தில் போய் முடியும். தோலோடு தோலை ஒட்டும் பசையைச் ‘சொல்யூஷன்’ என்று சொல்வார்கள். அதன் பீப்பாய்கள் இருந்த அறை அந்த நடைவழியின் நடுவில் இருந்தது.

அந்த ஏழு பேரின் இருக்கைகள் பின்கதவுக்கு அருகில் இருந்தன. அலுவலகப் பேச்சில் அவர்கள் ‘ஊனமுற்றோர்’. எனக்கு அவர்களில் மூவரை நன்றாகத் தெரியும்.

ஷகிலா ஆம்பூர்க்காரர். முப்பது வயதிருக்கும். இளம்பிள்ளை வாதம் தாக்கிய இடது காலில் இரும்புப் பட்டையோடு காலிப்பர் அணிந்திருப்பார். உருதுவில் அக்காவை ‘ஆபா’ என்பார்கள். அந்தக் கூடத்தில் மதம், வயது எதுவும் பாராமல் அத்தனை பேருக்கும் அவர் ஆபா. அவருடைய வாயில் விழாமல் தப்பியவர் எவரும் இல்லை. பேருந்தில் படித்த புத்தகத்தைக் கையில் விரித்தபடியே நான் உள்ளே நுழைந்த முதல் நாள், “இன்னா மேடம், நாங்க தோல தெக்கிறோம். நீங்க புஸ்தகத்த தெக்க வந்தீங்களா?” என்றார்.

தேவராஜுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தோலின் விளிம்பை மெலிதாகச் சீவும் இயந்திரம் அவருடையது. ஆபாவும் அவரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். பல நேரங்களில் அந்தப் பேச்சு மேற்பார்வையாளர்களைப் பற்றியதாக இருக்கும் என்பதை அவர்கள் சிரிப்பிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஆள் சுந்தரி. இருபது வயது. அறிவு வளர்ச்சி தாமதமானவள் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். தைத்து முடிந்த துண்டுகளில் தொங்கும் நூல்களை வெட்டுவது அவள் வேலை. ஒரு செயலைப் பத்து முறை செய்துகாட்டிப் பழக்கிவிட்டால் பிறகு ஒருபோதும் மறக்கமாட்டாள். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த வழக்கம். நான் சேர்ந்த பிறகு தீ ஒத்திகை எதுவும் நடந்திருக்கவில்லை. ஆகவே இது அன்று எனக்குத் தெரியாது. பின்னால் பலரும் சொல்லித்தான் தெரிந்தது. நீங்கள் குழம்பாமலிருக்க இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒத்திகையில், முன்கதவருகே நெரிசலில் ஆபா விழுந்துவிட்டார். அவர்மேல் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். காலிப்பரின் பட்டை வளைந்து சதையில் பதிந்துவிட்டது. அதைப் பார்த்துத் துடித்துப்போனவர் எங்கள் பிரிவின் மேலாளர். அவரைப் ‘பெரிய மேடம்’ என்போம். ஒவ்வொரு தொழிலாளியின் குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறது என்று அவருக்குத் தெரியும். வேலைக்கு நடுவில் பிரசவ வலி கண்ட பெண்ணைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனவர். நான் கண்ட மேலதிகாரிகளில் அவரைவிட இரக்கமுள்ளவர் எவரும் இல்லை. நான் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரக்கத்தில்தான் அவர் ஒரு முடிவு செய்தார். அடுத்த ஒத்திகையிலிருந்து இந்த ஏழு பேரை அலைக்கழிக்க வேண்டாம். ஒத்திகை தொடங்கும்போது அவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளட்டும். அவர்களுக்கு அங்கே தேநீரும் பன்னும் தரவேண்டும். மற்றவர்கள் மைதானத்திலிருந்து திரும்பியதும் அவர்களும் வேலைக்குத் திரும்பலாம்.

எல்லாருக்கும் இது பிடித்துப்போயிற்று. வெளிநாட்டுக் கொள்முதலாளர்களின் ஆட்கள் வந்து பார்த்தபோது கூடம் மளமளவென்று காலியானது, பாராட்டினார்கள். ஏழு பேருக்கும் மகிழ்ச்சிதான். தொழிலாளர்கள் அதற்குப் ‘பன்னு ட்ரில்’ என்று பெயர் வைத்தார்கள். முதலில் மேற்பார்வையாளர்கள் முன்கூட்டியே தோளைத் தட்டிச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாளடைவில் அதுவும் தேவைப்படவில்லை. சைரன் கேட்டதும் ஆபா கை காட்டுவார், தேவராஜ் எழுவார், சுந்தரி கத்தரியை வைப்பாள். போய்விடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பசை அறையில் எதனால் தீப்பிடித்தது என்பது எனக்கு இன்றும் தெளிவாகத் தெரியாது. அறையில் அப்போது ஆளில்லை; கதவு சாத்தியிருந்தது. வெளிப்புறச் சன்னலில் புகையைப் பார்த்த மின்பணியாளர் ஓடிவந்து சைரனை அழுத்தினார். நடைவழியில் அந்த நேரத்தில் புகையும் இல்லை, நெருப்பின் சாயலும் இல்லை. சைரன் ஆபத்து என்று சொல்லும். ஆபத்து எந்தப் பக்கம் என்று சொல்லாது.

நான் முன்பக்க அலுவலக அறையிலிருந்து கூட்டத்தோடு மைதானத்துக்கு வந்தேன். ஒருவரும் விழவில்லை, ஒருவரும் அலறவில்லை. லைன் லைனாக நின்றார்கள். மேற்பார்வையாளர்கள் தலைகளை எண்ணிக் குரல் கொடுத்தார்கள். ஒன்றாவது லைன் சரி, இரண்டாவது லைன் சரி என்று பதினோரு லைனும் சரி. பெரிய மேடம் புளியமரத்தடியில் நின்று, ஒத்திகைகளில் செய்வதுபோலவே, கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தை நிறுத்தினார். “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், எல்லாரும் வந்துட்டாங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

எண்ணிக்கை சரியாக இருந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னை உலுக்குவது அதுதான்.

அந்த மைதானத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று எனக்குத் தோன்றியது. என்னவென்று முதலில் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. இவ்வளவு பெரிய கூட்டம் வெயிலில் நிற்கிறது. ஒரு கேலிப் பேச்சுகூடக் கேட்கவில்லை. நான் ஆறாவது லைனின் மேற்பார்வையாளர் பாபுவிடம் போனேன்.

“ஆபா எங்க?”

“இன்னா மேடம்?”

“உங்க லைன்ல ஆபா எங்க பாபு?”

“ஆபா ட்ரில் கணக்குல வரமாட்டாங்க மேடம்” என்றார், மிக இயல்பாக. “அவங்கள்லாம் பின்னாடி…”

சொல்லிக்கொண்டே கையை நீட்டித் திரும்பினார். கூரைக்குப் பின்னாலிருந்து கறுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பாபுவின் கை அவர் காட்டிய திசையிலேயே நின்றுவிட்டது.

“பன்னுக்குப் போய்ட்டிருப்பாங்க” என்றார்.

எனக்கு அதன் பொருள் புரியவில்லை. “ட்ரில் இல்லியே இது?” என்று கேட்டேன்.

“ஆமா மேடம்” என்றார். “அத அவங்களுக்கு யாரு சொன்னா?”

பாபு கூடத்துக்குள் பாய முயன்றார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. உள்ளே போனால் பின்கதவு வழியாகத்தான் அவர்களை அடைய முடியும். அந்த நடைவழி இந்நேரம் புகையால் நிறைந்திருக்கும். எட்டாவது ஆளாக இவரும் மாட்டிக்கொள்வார். இந்தக் காரணங்களையெல்லாம் நான் பின்னால்தான் கோத்தேன். அப்போது வாயில் வந்தது இரண்டு வாக்கியங்கள்தாம். “உள்ள வேணாம். வெளிய சுத்திப் போலாம்.”

இதை என் சாமர்த்தியத்துக்காகச் சொல்லவில்லை. நெருக்கடியில் நம் முதல் துடிப்பு, நமக்குத் தெரிந்த வழியிலேயே ஓடச் சொல்லும். அந்த ஏழு பேரும் அதைத்தான் செய்தார்கள். பாபுவும் அதைத்தான் செய்யப் பார்த்தார். ஒரு மூச்சு நின்று, வேறு வழி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மூச்சுக்கு மேல் நிற்காதீர்கள்.

சுற்றுச்சுவரை ஒட்டிப் பின்சந்துக்கு ஓடினோம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு உண்டு. மதியச் சாப்பாடு வெளியிலிருந்து வண்டியில் வரும். பாத்திரங்களை இறக்குவதற்கான கதவு அது; நடைவழியை விட்டால் அந்தக் கூடத்துக்கு வேறு வழி இல்லை. வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. சாவி வண்டிக்காரரிடம். அவர் வர இன்னும் நேரம் இருந்தது. அந்தப் பூட்டுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள்: முன்னொருமுறை பாத்திரங்கள் களவு போய்விட்டனவாம்.

உள்ளேயிருந்து அந்தக் கதவை யாரோ ஒரு தட்டால் அடித்துக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டு இல்லை, இடைவிடாமல், ஒரே சீராக. கதவு திறந்த பிறகுதான் அது தேவராஜ் என்று தெரிந்தது. ஓசை என்றால் என்னவென்றே அறியாதவர், நாங்கள் கேட்பதற்காக அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் குரல் அவருக்குக் கேட்காதென்பதால் நாங்கள் வந்துவிட்டது அவருக்குத் தெரியவில்லை. அதனால் நிறுத்தவும் இல்லை.

பாபு கல்லெடுத்துப் பூட்டை அடித்தார். பூட்டு அசையவில்லை. சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த தோல் கிடங்கிலிருந்து இரண்டு பேர் கடப்பாரையோடு ஓடிவந்தார்கள். கொண்டியோடு பெயர்த்தார்கள். கதவு திறந்ததும் புகை எங்களைத் தள்ளியது.

மற்ற ஆறு பேரும் கை கழுவும் தொட்டிக்குக் கீழே, தரையில், ஈர ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தார்கள். தேவராஜ் சுந்தரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். காதுகேளாத மற்ற இருவர், நினைவிழந்து கிடந்த ஒரு பெண்ணை ஆளுக்கொரு தோளாகத் தாங்கிவந்தார்கள். இன்னொருவர் தவழ்ந்தே வெளியே வந்தார். கடைசியாக ஆபா. ஒரு மேசையைப் பிடித்து, அடுத்த மேசையைப் பிடித்து, காலிப்பர் தரையில் உரச வந்தார். வாசற்படியில் அவரைத் தாங்கிக்கொண்டேன். இருமி இருமி மூச்சுத் திரும்பியதும் என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா மேடம்” என்றார். “இன்னைக்கு டீயே வர்ல.”

சிரிக்கவேண்டுமென்று அவர் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். என்னால் முடியவில்லை. அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்கு நடத்திவந்தேன்.

ஏழு பேரும் பிழைத்தார்கள். மற்றவர்களை ஆம்பூரிலேயே ஒரு சிறிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்; நினைவிழந்தவரை மட்டும் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். சில வாரங்களில் தேறிவந்தார். தீயணைப்பு வண்டி வந்து பசை அறையின் தீயை அணைத்தது. தையல் கூடத்துக்குப் புகை மட்டுமே வந்திருந்தது.

இத்துடன் அந்த நாள் முடிந்திருந்தால், ஒரு விபத்தைப் பற்றி மட்டுமே நான் உங்களுக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் மாலையில் பெரிய மேடம் என்னைக் கூப்பிட்டார். புளியமரத்தடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

“இனிமே அவங்களுக்கு இந்தப் பேஜாரே வேணாம்மா” என்றார். “எதுனா ஆயிருந்தா அவங்க அப்பா அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது? வூட்டுலயே பத்திரமா இருக்கட்டும். நாளைலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடு.”

“நானா மேடம்?” என்றேன்.

“நீ தமிழ் படிச்சவ. பக்குவமா சொல்லு” என்றார்.

பக்குவமாக. அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு மருத்துவமனை வரை நடந்தேன். காலையில் எரிந்த தீயைவிட அது என்னை அதிகமாக அச்சுறுத்தியது. தீயை மூட்டியவர் எவரும் இல்லை. ஆனால் ‘வரவேண்டாம்’ என்ற இந்த வாக்கியத்தை அன்பான ஒருவர், அழுதுகொண்டே, யோசித்துச் சொல்லியிருந்தார்.

‘பத்திரமா இருக்கட்டும்’ என்ற இந்த வகைப் பத்திரத்தைப் பின்னாளில் பல இடங்களில் பார்த்துவிட்டேன். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு விடுதியில் வெள்ள கால ஏற்பாடுகளைப் பார்க்கப் போனபோது, நடக்க இயலாத மாணவிக்காக வாங்கிய சக்கர நாற்காலி எங்கே என்று கேட்டேன். கிடங்கில் பத்திரமாகப் பூட்டிவைத்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார்கள். சாவி ஊருக்குப் போயிருந்தவரிடம் இருந்தது. பத்திரம் என்ற சொல் காதில் விழுந்தால், யாருடைய பத்திரம் என்று கேளுங்கள்.

ஆம்பூரில் அந்தச் சிறிய மருத்துவமனையின் தாழ்வாரத்தில், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவர் பார்த்து முடித்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார். சுந்தரி ஆபாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆபா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“வரவேணாம்னு சொல்ல வந்தீங்களா?”

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“மூஞ்சிலயே எழுதிக்கீது மேடம்.” தேவராஜின் பக்கம் திரும்பிக் கையால் ஏதோ சொன்னார். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

“தீ புடிச்சது சொல்யூஷன் ரூம்ல” என்றார் ஆபா. “அதுக்கு எங்கள இன்னாத்துக்கு வூட்டுக்கு அனுப்பறீங்க? சொல்யூஷன அனுப்புங்க.”

“நீங்க சீக்கிரம் வெளிய வர முடியாதுன்னு பயப்படறாங்க ஆபா.”

“யாரு, நாங்களா?” அவர் குரல் உயரவில்லை. “மேடம், இன்னைக்கு அந்த ஹால்ல மொதல்ல எழுந்தது நாங்க. மொதல்ல போனது நாங்க. அதான் மாட்டிக்கினோம். பேந்தப் பேந்த முழிச்சிக்கினு நின்னவங்கள்லாம் தப்பிச்சிக்கினாங்க. எங்க காலு மெதுவில்ல. நீங்க போகச் சொன்ன வழிதான் கோணல்.”

பிறகு சுந்தரியின் தலையைத் தடவியபடி, “இது இன்னா கேட்டுக்கினே இருந்திச்சு தெரியுமா?” என்றார். “புகை வருது, எல்லாரும் இருமறாங்க. இது என் கையப் புடிச்சி, பன்னு எங்க ஆபா, பன்னு எங்க ஆபான்னுது. வரும்டி வரும்டின்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது?”

நான் பக்குவமாக எதையும் சொல்லவில்லை. “நாளைக்கு வழக்கம்போல கம்பெனி பஸ் வரும். எல்லாரும் வந்துடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை வேலூரிலிருந்து முதல் பேருந்தில் வந்தேன். புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆம்பூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த பன்களை ஒரு பெரிய பை நிறைய வாங்கிக்கொண்டேன். தொழிற்சாலை மைதானத்தில், புளியமரத்தடியில், எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு மேசையைப் போட்டு அதன்மேல் வைத்தேன். பிறகு பாபுவை அழைத்துப்போய், இருவருமாக ஆபாவின் தையல் இயந்திரத்தைப் பின்கதவருகிலிருந்து இழுத்துக்கொண்டுவந்து முன்கதவுக்கு அருகில் போட்டோம்.

கரி படிந்த கூடத்தைத் துப்புரவு செய்ய எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெரிய மேடம் உள்ளே வந்தார். இடம் மாறிக் கிடந்த இயந்திரத்தைப் பார்த்தார்.

“சொல்லிட்டியா?”

“இல்ல மேடம்.”

“ஏம்மா?”

“நேத்து அவங்க தப்பா எதுவும் செய்யல மேடம். நாம சொன்னத அப்படியே செஞ்சாங்க. நாம சொல்றதத்தான் மாத்தணும்.” அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. “இன்னைக்கு ஒரு ட்ரில் வெக்கணும். அவங்களோட சேத்து.”

அவர் அந்த இயந்திரத்தின்மேல் கையை வைத்து, அங்கிருந்து முன்கதவைப் பார்த்தார். பிறகு, “ஜனங்க பயந்துடுவாங்க. லைன் லைனா போய் முன்னாடியே சொல்லிடு” என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனார்.

ஒவ்வொரு லைனாகப் போய்ச் சொன்னேன்: இது ஒத்திகை, எல்லாரும் முன்கதவு வழியாக, யாரையும் முந்தவேண்டாம். தேவராஜுக்கு ஆபா கையால் சொன்னார். சுந்தரிக்கு நானே மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினாள்.

சைரனை ஒலிக்கச் சொல்லிவிட்டு, நான் போய்ப் பின்கதவருகே நின்றேன். கதவைப் பூட்டியிருந்தார்கள். கரிந்த பசையின் நாற்றம் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

கூடம் நகரத் தொடங்கியது. முன்கதவை நோக்கி ஆபா தம் நடையில் நடந்தார். அவருக்குப் பின்னால் பாபுவும் ஆறாவது லைன் ஆட்கள் அத்தனை பேரும் அதே நடையில் வந்தார்கள். “இன்னா பாபு, பொண்ணு அழைப்பா இது, இவ்ளோ அசைஞ்சி அசைஞ்சி வர்ற?” என்று ஆபாவின் குரல் கேட்டது. தீப்பிடித்த பிறகு முதன்முறையாக அந்தக் கூடத்தில் யாரோ சிரித்தார்கள்.

அப்போது, துப்புரவு நாளிலும் தன் இடத்திலேயே நூல் வெட்டிக்கொண்டிருந்த சுந்தரி கத்தரியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். எல்லாரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, அவசரமில்லாமல், நேராக என்னை நோக்கி வந்தாள். தலை வாரி, பூ வைத்திருந்தாள். முகத்தில் அச்சத்தின் சுவடே இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று என்னிடம் கையை நீட்டினாள்.

“பன்னு” என்றாள்.

நீட்டிய கையைப் பற்றிக்கொண்டேன். “பன்னு அங்க இருக்கு சுந்தரி. மரத்தடியில. வா” என்று அவளைத் திருப்பி, காலியான அந்தக் கூடத்தின் முழு நீளத்தையும் அவளோடு நடந்து கடந்தேன். வெளியே எல்லாரும் லைன் லைனாக நின்றிருந்தார்கள். பெரிய மேடம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் படியிறங்கிய பிறகுதான் கடிகாரத்தை நிறுத்தினார்.